பழைய தில்லியில் ஒளிப்பட நடை

பழைய தில்லியில் ஒளிப்பட நடை என்பது, முகலாயப் பேரரசர் ஷாஜகான் அமைத்த ஷாஜகானாபாத் நகரின் தெருக்களிலும் சந்துகளிலும், ஒளிப்படம் எடுப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, இடம் அறிந்த ஒருவருடன் நடந்து செல்வதாகும். ஆங்கில வழக்கையொட்டி இதனை போட்டோ வாக் என்றே பலரும் அழைக்கின்றனர். பலர் கூடிச் செல்லும் கூட்டு நடை, ஒருவரோ ஒரு குடும்பமோ வழிகாட்டி ஒருவரை முன்பதிவு செய்து செல்லும் தனி நடை என இது இரு வகைப்படும். இக்கட்டுரை தனி நடையைப் பற்றியே பெரிதும் பேசுகின்றது.

தனி நடைக்குக் கட்டணம் செலுத்துவோர், ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொள்வதற்கே பணம் தருவதாக எண்ணுவதுண்டு. பெரும்பாலும் அக்கட்டணத்தால் பெறப்படுவது வழிகாட்டிக்கு அத்தெருவில் உள்ள அறிமுகமே ஆகும். எந்தக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஏறலாம், எந்தக் கடைக்காரர் படம் எடுப்பதை விரும்புவார், எவர் விரும்பமாட்டார் என்பன நூல்களில் கிடைப்பதில்லை. அவ்வறிமுகம் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பதைப் பொறுத்தே ஒரு நடை நல்லதாகவோ தீயதாகவோ அமைகின்றது.

இடம்

ஷாஜகான் தனது தலைநகரை ஆக்ராவிலிருந்து தில்லிக்கு மாற்றக் கருதி, 1639 ஆம் ஆண்டில் யமுனையின் மேற்குக் கரையில் செங்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். கோட்டை 1648 இல் நிறைவுற்றது. ஜாமா மசூதி 1656 இல் கட்டி முடிக்கப்பட்டது. கோட்டையின் லாகூர் வாயிலுக்கு எதிரே தொடங்கி மேற்கு நோக்கி பத்தேப்பூரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளும் சாந்தினி சவுக் தெரு, ஷாஜகானின் மகள் ஜகனாரா பேகத்தின் திட்டப்படி அமைந்ததாகும். அக்காலத்தில் தெருவின் நடுவே கால்வாய் ஓடியது. சதுக்கத்தில் இருந்த குளத்தில் நிலவொளி விழுந்ததால் 'நிலாச் சதுக்கம்' என்னும் பொருளில் இப்பெயர் ஏற்பட்டது என்பர். கால்வாயும் குளமும் இன்று இல்லை. நகரைச் சூழ்ந்திருந்த மதிலிலும் பெரும்பகுதி மறைந்துவிட்டது. காசுமீர வாயில், அஜ்மீரி வாயில், துர்க்மான் வாயில், தில்லி வாயில் ஆகிய வாயில்கள் எஞ்சியுள்ளன.

2021 ஆம் ஆண்டில் சாந்தினி சவுக் தெரு சிவப்புக் கல் பாவி மறுசீரமைக்கப்பட்டு, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. இத்தடை எப்போதும் முழுமையாகப் பின்பற்றப்படுவதில்லை எனினும், தெருவின் நடுவில் நின்று படம் எடுப்பது முன்னைவிட எளிதாகியுள்ளது. பக்கத்துச் சந்துகளுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே கைவண்டி, மிதிரிக்‌ஷா, தலைச்சுமை, இருசக்கர வண்டி ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் வரும்.

ஒளிப்பட நடைகள் வழக்கமாகத் தொடும் இடங்கள் சிலவே. மசாலாப் பொருட்களின் மொத்தச் சந்தையான காரி பாவ்லி, திருமணச் சரிகைகளுக்குப் பெயர்பெற்ற கினாரி பசார், அதனை ஒட்டி வண்ணந்தீட்டிய முகப்புகளுடன் ஒன்பது வீடுகள் அமைந்த நௌகரா என்னும் சிறு சந்து, காகிதமும் பித்தளைப் பொருட்களும் விற்கும் சாவ்ரி பசார், கவிஞர் மிர்சா காலிப் வாழ்ந்த வீடு உள்ள பல்லிமாரான் பகுதி, ஜாமா மசூதிக்குத் தெற்கே உணவுக்கடைகள் நிறைந்த மட்டியா மகால் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவை அனைத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம் என்று கூறும் விளம்பரங்கள் உள்ளன. பார்த்துவிடலாம் என்பது உண்மை. படம் எடுக்க இயலாது. மூன்று மணி நேரத்துக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களே போதுமானவை.

முன்னோடிகள்

பழைய தில்லியில் ஒளிப்படக்கருவியுடன் நடந்தவர்களின் வரலாறு நீண்டது. 1857 ஆம் ஆண்டு எழுச்சி அடக்கப்பட்ட பின், 1858 இல் பெலிசே பியத்தோ இங்கு வந்து ஜாமா மசூதி, செங்கோட்டை, காசுமீர வாயில் முதலியவற்றைப் படம் எடுத்தார். எழுச்சியைத் தொடர்ந்து கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் இடைப்பட்ட குடியிருப்புகளை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். கோட்டைக்குள்ளும் பல கட்டடங்கள் அழிக்கப்பட்டன. எனவே அக்காலத்து ஒளிப்படங்கள் இன்று வரலாற்று ஆவணங்களாக மதிக்கப்படுகின்றன. அதே பியத்தோ இலக்னோவின் சிக்கந்தர் பாக்கில் எடுத்த படத்தில் காணப்படும் மனித எலும்புகள், படத்துக்காகவே பரப்பி வைக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டு உண்டு. 'ஏற்பாடு செய்த' படம் என்னும் சிக்கல் இந்தியாவில் ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்துள்ளது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

1948 சனவரியில் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் தில்லியில் இருந்தார். காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர் அவர். பின்னாளில் ரகு ராய் பழைய தில்லியைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பதிவு செய்தார். சாவ்ரி பசாரின் நெரிசலை மேலிருந்து காட்டும் அவரது படத்தைப் பார்த்தவர்கள், மாடியிலிருந்து தெருவைப் பார்க்கும் கோணம் இங்கு ஏன் இவ்வளவு விரும்பப்படுகின்றது என்பதை எளிதில் உணர்வர்.

ஆர்வலர்கள் கூட்டமாகச் சேர்ந்து நடக்கும் வழக்கம் இலக்க ஒளிப்படக்கருவிகளும் இணையமும் பரவிய பின் பெருகியது. அமெரிக்க ஒளிப்படக்காரர் இசுக்காட் கெல்பி 2008 இல் தொடங்கிய உலகளாவிய ஒளிப்பட நடை இதற்குப் பெரும் ஊக்கமாக அமைந்தது. அந்நடைகளில் கட்டணம் முதன்மையாக இருக்கவில்லை. கட்டணத்துடன் கூடிய தனி நடைகள் சுற்றுலாத் தொழிலின் பகுதியாக வளர்ந்தவை.

ஒளியும் நேரமும்

பழைய தில்லியின் அமைப்பை ஒருமுறை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். செங்கோட்டை கிழக்கே உள்ளது. அதன் லாகூர் வாயில் மேற்கு நோக்கியது. காலையில் சூரியன் கோட்டையின் பின்னால் எழுவதால் முகப்பு இருண்டு காணப்படும். பிற்பகலில் அதே சிவப்புக் கல் ஒளிரும். ஜாமா மசூதியில் நிலைமை நேர்மாறானது. தொழுகைக் கூடம் முற்றத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்க, அதன் முகப்பு கிழக்கு நோக்கியுள்ளதால் காலை வெயில் நேராக அதன்மீது விழும். எனவே காலையில் மசூதி, மாலையில் கோட்டை என்பது பொதுவிதி. பல நடைகள் கோட்டை வாயிலில் காலை 8 மணிக்குத் தொடங்குகின்றன. சந்திப்பதற்கு எளிதான இடம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

சாந்தினி சவுக் ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுவதால், மாலையில் சூரியன் பத்தேப்பூரி மசூதியின் பக்கம் இறங்கும்போது தெருவில் வருவோர் அனைவரும் நிழலுருவாகத் தெரிவர். சூன் மாதத்தில் தில்லியில் சூரியன் காலை 5.25 அளவில் எழுகின்றது; சனவரியில் 7.15 ஆகிவிடுகின்றது. திசம்பர், சனவரி மாதங்களின் அடர்ந்த மூடுபனியில் நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்கள் உண்டு. கட்டடங்களைப் படம் எடுக்க வருவோருக்கு அது ஏமாற்றம். தேநீர்க் கடையின் ஆவியையும் கம்பளி போர்த்திய மனிதர்களையும் தேடி வருவோருக்கு அதுவே சிறந்த காலம். முன்பதிவு செய்யும்போது தமக்கு வேண்டியது எது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

சந்துகளில் கணக்கு வேறு. இரு பக்கமும் மூன்று, நான்கு மாடி உயரச் சுவர்கள் நெருங்கி நிற்பதால் காலையிலும் மாலையிலும் நேர்வெயில் தரையைத் தொடுவதே இல்லை. பொதுவாக ஒளிப்படத்துக்கு ஆகாதது எனத் தள்ளப்படும் நண்பகலே இங்கு சிறந்த நேரமாகின்றது. தலைக்கு மேல் தொங்கும் மின்கம்பிகளுக்கும் துணிப்பந்தல்களுக்கும் இடையே வெயில் கற்றைகளாக இறங்கும்; தூசியும் புகையும் அக்கற்றைகளைக் கண்ணுக்குக் காட்டும். கினாரி பசாரின் சரிகைகள் மின்னுவதும் இந்நேரத்தில்தான்.

கடைகளின் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரும்பாலான மொத்தக் கடைகள் காலை 10 அல்லது 11 மணிக்கு மேல்தான் திறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காரி பாவ்லியிலும் கினாரி பசாரிலும் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருக்கும். கூட்டம் வேண்டாம், பழைய முகப்புகளும் சாளரங்களுமே வேண்டும் என்போர் ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுக்கலாம். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சுதந்திர நாள் விழாவுக்கு முந்தைய நாட்களில் கோட்டை பார்வையாளர்களுக்கு மூடப்படும். சுற்றுப்புறத்திலும் காவல் மிகும். ஆனால் அதே ஆகத்து மாதத்தில் மொட்டைமாடிகள் அனைத்திலும் பட்டங்கள் பறக்கும். மாடிக்கு ஏற வழி தெரிந்த வழிகாட்டி அமைந்தால், ஆண்டின் மற்ற மாதங்களில் கிடைக்காத காட்சிகள் அவை. இரமலான் மாத இரவுகளில் மட்டியா மகால் விடிய விடிய விழித்திருக்கும்.

முன்பதிவு

தனி நடைக்கான வழிகாட்டிகளில் மூன்று வகையினரைக் காணலாம். ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொண்டு இடையிடையே நடை நடத்துவோர், வரலாற்று நடை நடத்துவோர், பொதுவான சுற்றுலா வழிகாட்டிகள் எனலாம். மூன்றாம் வகையினர் இணையத்தில் 'ஒளிப்பட நடை' என்ற பெயரில் விற்பது வழக்கமான சுற்றுலாவாகவே இருக்கக்கூடும். வேறுபாட்டை அறிய ஒரு கேள்வி போதும்: "குறித்த இந்த நாளில், இந்த நேரத்தில் எந்த வழியாகச் செல்வோம், ஏன்?" ஒளியையும் கடை நேரத்தையும் சொல்லி விடையளிப்பவர் இடத்தை அறிந்தவர். இடங்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் அனுப்புபவரிடம் மேலும் ஓரிரு கேள்விகள் கேட்பது நலம்.

வழிகாட்டியின் படங்களைப் பார்ப்பது பயனுள்ளது. அழகான படங்களா என்று பார்ப்பதைவிட, வெவ்வேறு மனிதர்கள் இருக்கின்றனரா என்று பார்க்க வேண்டும். ஒரே தாடிக்காரப் பெரியவர், ஒரே சுவர், ஒரே புகைச்சுருள் எனப் பல வாடிக்கையாளர்களின் படங்களிலும் திரும்பத் திரும்ப வந்தால், அவை கூலிக்கு நிற்க வைத்து எடுத்தவை என ஊகிக்கலாம். கூலி கொடுத்து உருவப்படம் எடுப்பதில் குற்றம் ஏதுமில்லை. அதனைத் தற்செயலாகக் கண்ட தெருக்காட்சி என வெளியிடுவதே பொய்யாகும். 2016 ஆம் ஆண்டில் இசுடீவ் மெக்கரியின் சில படங்களில், இந்தியாவில் எடுத்தவை உட்பட, கூறுகள் மாற்றப்பட்டிருந்தது தெரியவந்தபோது எழுந்த விவாதத்தின் அடிப்படையும் இத்தகையதே. காண்போர் ஆவணம் என நம்பிய ஒன்று வேறொன்றாக இருந்தது.

கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றோ, நடைக்கு இவ்வளவு என்றோ குறிக்கப்படும். இரண்டாவது முறையில் ஆட்களைச் சேர்த்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளத் தோன்றும். பழைய தில்லியின் சந்துகளில் நால்வருக்கு மேற்பட்ட குழு ஓரிடத்தில் நின்றாலே வழி அடைபட்டுவிடும் என்பதால் இருவர் அல்லது மூவர் செல்வதே பொருத்தம். மிதிரிக்‌ஷாக் கூலி, மசூதியில் படக்கருவிக்குப் பெறப்படும் கட்டணம், மாடிக்கு ஏற்றிவிடுவோருக்குத் தரும் தொகை, தேநீர், சிற்றுண்டி ஆகியவை கட்டணத்தில் அடங்குமா என்பதை முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மூடுபனி, மழை, திடீர்க் கடையடைப்பு ஆகியவற்றால் நடை தடைபட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாளுக்கு மாற்றித் தரப்படுமா என்பதும் கேட்கத்தக்கது. மசாலாக் கடைகளிலும் சால்வைக் கடைகளிலும் வாடிக்கையாளரை அழைத்துச்சென்று தரகு பெறும் வழக்கம் சுற்றுலாத் தொழிலில் பரவலானது. கடைக்குச் செல்ல விருப்பமில்லை என்று முன்பே சொல்லிவிட்டால் அரைமணி நேரமாவது மிஞ்சும்.

வழிகாட்டி தாமும் படம் எடுப்பாரா என்பது பலர் கேட்க மறக்கும் கேள்வி. நல்ல காட்சி ஒன்று அமையும்போது வழிகாட்டியே முன்னால் போய் நின்றுவிடுவது அரிதன்று. தொடக்கநிலையினருக்கு அவர் எடுப்பதைப் பார்ப்பதே பாடமாகலாம். அனுபவம் உள்ளோருக்கு அது தொல்லை. கருவி இல்லாமல் வரும்படி கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

நினைவுச்சின்னங்களுக்குள் செல்வதானால் உரிமம் பற்றியும் கேட்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் பணம் பெற்றுக்கொண்டு பார்வையாளருக்கு இடத்தைச் சுற்றிக்காட்ட உரிமம் தேவை. உரிமம் இல்லாத ஒளிப்படக்காரர் செங்கோட்டையின் வாயிலில் நின்றுகொண்டு, "உள்ளே நீங்களே பார்த்து வாருங்கள்" எனச் சொல்வதற்கு இதுவும் காரணமாகலாம்.

படம் எடுக்கப்படுவோர்

காரி பாவ்லியில் மூட்டை சுமப்போர் பல்லேதார் எனப்படுவர். பீகார், உத்தரப்பிரதேசம், இராசத்தான் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இவர்களில் பலர். நிறைந்த மிளகாய் மூட்டையைத் தலையிலும் முதுகிலும் ஏற்றிக்கொண்டு குறுகிய படிக்கட்டில் ஏறும் ஒருவர், நின்று மறுக்கும் நிலையில் இருப்பதில்லை. ஒளிப்பட நடைகளில் மிகுதியாகப் படம் எடுக்கப்படுவோரும் இவர்களே. இசைவு என்னும் சொல்லுக்குப் பழைய தில்லியில் ஏதேனும் பொருள் உண்டென்றால், அதற்கான தேர்வு இங்கேதான் நடக்கின்றது.

காரி பாவ்லியில் 1920களில் கட்டப்பட்ட கடோதியா சந்தை இதற்கு எடுத்துக்காட்டு. நடு முற்றத்தைச் சுற்றிக் கிடங்குகள் அமைந்த இக்கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து முற்றமும் பத்தேப்பூரி மசூதியும் சந்தைத் தெருவும் ஒருங்கே தெரிவதால், நடை நடத்துவோர் பலரும் இங்கு அழைத்து வருகின்றனர். படிக்கட்டில் மிளகாய்க் காரம் மூக்கில் ஏறி அனைவரும் இருமுவது வழக்கமான வேடிக்கை. ஆனால் இக்கட்டடத்தின் மேல்தளங்கள் தொழிலாளர் தங்கும் இடமுமாகும். அவர்கள் அங்கே குளிக்கின்றனர், துணி உலர்த்துகின்றனர், சமைக்கின்றனர், உறங்குகின்றனர். கீழே உள்ள தெரு பொது இடம். மாடியோ, சுவரும் கதவும் இல்லாத போதிலும், சிலரது வீடு. உறங்கும் மனிதரைப் படம் எடுத்து 'தில்லியின் உழைப்பு' எனத் தலைப்பிடுவோர், தம் வீட்டு மாடியில் முன்பின் தெரியாத ஐவர் கருவியுடன் ஏறி வந்தால் என்ன செய்வர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நல்ல வழிகாட்டியின் பயன் இத்தகைய இடங்களில்தான் வெளிப்படும். அவர் மாடிக்கு ஏறியதும் முதலில் பேசுவார். சிலரைப் பெயர் சொல்லி அழைப்பார். முன்பு எடுத்த படங்களின் அச்சுப் பிரதிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். அச்சுப்பிரதி கொடுக்கும் பழக்கம் இங்கு மிகவும் மதிக்கப்படுகின்றது. திறன்பேசியில் படம் எடுப்போர் பெருகிய இந்நாளிலும், கையில் பிடித்துப் பார்க்கும்படியான தம் படத்தை ஊருக்கு அனுப்ப விரும்புவோர் பலர். நடை முடிந்த பின் தெரிவு செய்த சில படங்களை வழிகாட்டிக்கு அனுப்பி, அச்சிட்டு உரியவரிடம் சேர்க்கும் செலவையும் கட்டணத்தோடு கொடுத்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் இச்செலவை முன்பதிவின்போதே பேசி முடிப்பது எளிது.

உடனடியாகப் பணம் கொடுக்கலாமா என்பதில் ஒளிப்படக்காரரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் விலை கேட்கும் பழக்கம் ஏற்படும் என்பர் ஒரு சாரார். மற்றவர் படத்தால் தாம் பெயரோ பொருளோ அடையும்போது, படத்தில் உள்ளவருக்கு ஒன்றும் இல்லை என்பது நேர்மையன்று என்பர் மறுசாரார். நீண்ட நேரம் நிற்கச் சொல்லியோ வேலையை நிறுத்தியோ எடுப்பதானால் அந்நேரத்துக்கான கூலியைக் கொடுப்பதே முறை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

கேட்பதற்கு அதிக இந்தி தேவையில்லை. "பாயீ சாஹப், போட்டோ லே லூன்?" என்றால், 'ஐயா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா' என்று பொருள். கேட்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் இத்தொடர் மாறாது. பெண்களிடம் 'பாயீ சாஹப்' என்பதற்கு மாறாக 'தீதீ' என அழைத்துக் கேட்கலாம். தலையசைவு கிடைத்தால் எடுக்கலாம். கை அசைத்து மறுத்தால் புன்னகையுடன் நகர வேண்டும். தொலைவில் போய் நின்று நீண்ட வில்லையால் எடுப்பது மறுப்பை மதித்ததாகாது.

வழிபாட்டு இடங்களுக்கும் இது பொருந்தும். ஜாமா மசூதியில் தொழுகை நேரங்களில் சுற்றுலாப் பயணிகள் உள்ளே இருத்தல் ஆகாது. சீசு கஞ்சு குருத்வாராவில் தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும். உள்ளே படம் எடுப்பது குறித்துப் பணியாளரிடம் கேட்டறிய வேண்டும். 2022 நவம்பரில் ஜாமா மசூதி நிருவாகம், ஆண் துணையின்றி வரும் பெண்களுக்கு அனுமதியில்லை என அறிவித்தது. வளாகத்தில் காணொளி எடுப்போரின் செயல்களும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து அறிவிப்பு விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. கருவியுடன் வரும் சிலரின் நடத்தையைக் காரணமாகக் காட்டி, கருவியே இல்லாத பலரின் வழியை அடைக்க முடிந்திருக்கின்றது.

பழைய நகர நடுவங்கள் பலவற்றிலும் இச்சிக்கல் உள்ளது. சப்பானின் கியோத்தோ நகரில் கெய்சா கலைஞர்கள் வாழும் கியோன் பகுதியில், 2019 ஆம் ஆண்டில் குடியிருப்பாளர்கள் தனியார் சந்துகளில் படம் எடுப்பதைத் தடைசெய்து, மீறுவோர் 10,000 யென் செலுத்த வேண்டும் என அறிவிப்புப் பலகை வைத்தனர். அதுவும் போதாமல் 2024 இல் அச்சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைவதையே தடுக்கத் தொடங்கினர். பழைய தில்லியில் இவ்வளவு இறுக்கம் இல்லை. நௌகரா போன்ற குடியிருப்புச் சந்துகளில் இன்றும் வேற்று மனிதர் நுழைந்து வண்ணக் கதவுகளைப் படம் எடுக்க முடிகின்றது. சந்தின் முகப்பில் கதவு உண்டு. அதனைத் திறந்து வைப்பதும் மூடுவதும் அங்கு வாழ்வோரின் விருப்பம்.

சட்டம்

இந்தியாவில் பொது இடத்தில் படம் எடுப்பதற்குப் பொதுவான தடை இல்லை. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, கட்டடங்களையும், பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பங்களையும் ஒளிப்படம் எடுப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஒளிப்படத்தின் பதிப்புரிமைக் காலம், 2012 திருத்தத்துக்குப் பின் ஒளிப்படக்காரரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஆகும்.

தனி நடைக்குச் செல்வோர் அறிய வேண்டிய பிரிவு 17 ஆகும். பொதுவாகப் படத்தை எடுத்தவரே அதன் உரிமையாளர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் செய்த ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே மசூதிப் படிகளில் குடும்பத்துடன் நிற்கும்போது அதற்கென அமர்த்திய வழிகாட்டி எடுத்துத் தரும் படம் வாடிக்கையாளருடையது. அதனை வழிகாட்டி தமது விளம்பரத்தில் இடுவதற்கு இசைவு பெற வேண்டும். முன்பதிவுப் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இவ்வுரிமையை விட்டுக்கொடுக்கும் வரி இருக்கலாம் என்பதால் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை சட்டம் கடுமையானது. 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் ஊடகங்களில் வெளியாவதைத் தடைசெய்கின்றது. சட்டத்துக்கு மாறாக வேலையில் அமர்த்தப்பட்ட குழந்தைகள், பிச்சையெடுக்கும் குழந்தைகள், தெருவில் வாழும் குழந்தைகள் ஆகியோர் அவ்வகையில் அடங்குவர். தேநீர்க் கோப்பை கழுவும் சிறுவனின் படம் போட்டிகளில் பரிசு பெற்ற காலம் இருந்தது. இன்று அதனை வெளியிடும் முன் இருமுறை எண்ண வேண்டும்.

தொல்லியல் துறையின் இடங்களில் கையில் பிடித்து எடுக்கும் ஒளிப்படத்துக்குத் தடையில்லை. முக்காலி பயன்படுத்த முன் அனுமதி தேவை. தலைநகரில் உரிய அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிட இயலாது. 2025 நவம்பர் 10 அன்று செங்கோட்டை மெட்ரோ நிலையம் அருகே நிகழ்ந்து பலரைப் பலிகொண்ட கார் வெடிப்பை நினைவில் கொண்டு, கோட்டைப் பகுதியில் காவலர் பையைச் சோதிக்கக் கேட்டால் ஒத்துழைப்பதும், காவல் அரண்களைப் படம் எடுக்காதிருப்பதும் நல்லது.

கருவிகள்

அதிகம் தேவையில்லை. 28 அல்லது 35 மி.மீ. குவியத்தொலைவு கொண்ட ஒற்றை வில்லை பெரும்பாலான சந்துகளுக்குப் போதும். பின்னால் நகர இடமில்லாத தெருக்களில் 50 மி.மீ. கூட நெருக்கமாகிவிடும். ஓடும் கைவண்டியை உறையவைக்க நொடியில் 1/250 அல்லது அதைவிட விரைவான ஷட்டர் வேகம் வேண்டும் என்பதால், நிழலான இடங்களில் ஐ.எஸ்.ஓ. அளவை 1600 வரை உயர்த்தத் தயங்கக் கூடாது. காரி பாவ்லியில் வில்லையைக் கழற்றி மாற்றுதல் ஆகாது. மிளகாய்த் தூள் உணரியில் படிந்தால் துடைப்பது எளிதன்று. அதே கையால் கண்ணைத் தேய்த்தவர்களும் உண்டு.

பெரிய முதுகுப்பை வழியை அடைக்கும். தோளில் குறுக்காக மாட்டும் சிறு பை ஏற்றது. கைக்குட்டை ஒன்று மூக்குக்கும், மற்றொன்று குருத்வாராவில் தலைக்கும் பயன்படும்.

சென்றடைதல்

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் உள்ள சாந்தினி சவுக், சாவ்ரி பசார் ஆகிய நிலையங்களும், 2017 இல் திறக்கப்பட்ட ஊதாத் தட நீட்சியில் உள்ள செங்கோட்டை, ஜாமா மசூதி ஆகிய நிலையங்களும் பழைய நகருக்குள்ளேயே அமைந்துள்ளன. காலை நடைக்கு ஜாமா மசூதி நிலையமும், சந்தைகளை மட்டும் பார்ப்போருக்குச் சாவ்ரி பசார் நிலையமும் வசதியானவை. வாடகைக் காரில் வருவோர் தெருமுனைக்கு வெகு முன்பே இறங்க நேரிடும். மெட்ரோவில் இருசக்கர, நான்குசக்கர நெரிசலுக்குள் சிக்காமல் வரலாம் என்பதால், சந்திக்கும் இடத்தை நிலையத்தின் வாயில் எண்ணுடன் வழிகாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.